சுவத்துல ஒட்டுன என் பேரு

பல்லு கிளினிக்கில பயம்லாம் வாயத் தொறந்து படுத்திருக்கவங்களுக்குத்தான்னு சொல்லாத மாலா, அதிகமா நடுங்குறது பக்கத்துல நிக்கிறவதான்! என் மருமக நம்ப மாட்டேங்குறா. மலேசியாவுல, மலாக்காப் பக்கம் பெம்பான்ல ஒரே கிளினிக்கில இருபத்தஞ்சு வருசம் டாக்டருக்குச் சாமான் எடுத்துக் குடுத்தவ சொல்றேன். நீங்களும் எங்கயாச்சும் ஒருத்தருக்குக் கீழ நின்னு வேலை பாத்திருந்தா, இவள விட உங்களுக்குத்தான் நல்லாப் புரியும்.

பேரு ஏறுன நாளு

பழைய டாக்டர் ரிட்டையர் ஆகி, அவரு மக கிளினிக்க எடுத்துக்கிட்டாங்க. பழையவரு காலத்துல எல்லாரும் எல்லா வேலையும் செய்வோம். தப்பு நடந்தா எல்லாரும் சீலிங்கப் பாப்போம். டாக்டரம்மா வந்த மறுவாரமே, எந்த வேலைக்கு யாரு பொறுப்புன்னு ஒரு தாள் அடிச்சு சுவத்துல ஒட்டிட்டாங்க. கருவியக் கழுவி, கிருமி சாக ஸ்டீம் மெசின்ல போட்டு எடுக்குறதுக்கு நேரா என் பேரு.

அதுக்கு முன்னாடி என் பேரு சுவத்துல ஏறுனது கல்யாணத்தப்பதான், எஸ்டேட் கோயில் மண்டபத்துல. அன்னிக்கும் இப்படித்தான் பயமா இருந்துச்சு. எங்க வீட்டுக்காரரு லேட்டா வேற வந்தாரு, அவரு வந்த லோரி பஞ்சர். சரி, அத விடுங்க. கவுன்டர்ல இருக்குற ஷாலினி அந்தத் தாளப் படிச்சுட்டுச் சொன்னா: “ஆன்ட்டி, இனிமே ஏதாச்சும் ஆச்சுன்னா யாரப் புடிக்கணும்னு தேடவே வேணாம்லா!”

திங்கக்கிழமை கையெழுத்து

மெசின் ஓடும்போதெல்லாம் உள்ள ஒரு சின்னப் பேப்பர் போடணும். சூடு சரியா ஏறுனா அதோட மஞ்சள் நெறம் கறுப்பாயிரும். அதப் பாத்துட்டு புத்தகத்துல கையெழுத்துப் போடணும். நான் என்ன செய்வேன், திங்கக்கிழமை காலையில ஆளு வர்றதுக்கு முன்னாடி உக்காந்து வாரம் முழுசுக்கும் போட்டுருவேன். மனசுல கள்ளம் இல்ல. எங்கம்மா ஒரு வாரத்து மொளகாய ஒரே நாள்ல அரைச்சு வச்சுருவாங்க, அந்தப் புத்திதான்.

ஒரு செவ்வாக்கிழமை டாக்டரம்மா புத்தகத்தப் புரட்டுனாங்க. கத்துவாங்கன்னு நின்னேன். கத்தல. கத்தியிருந்தா பயம் அன்னிக்கே தீந்திருக்கும். கண்ணாடியக் கழட்டிட்டு என்னையப் பாத்துக் கேட்டாங்க: “அக்கா, வியாழக்கிழமை எப்படி இருந்துச்சு?”

மஞ்சளாவே கெடந்த பேப்பரு

அதுக்கப்புறம் ஒவ்வொரு தடவையும் பாத்துட்டுத்தான் கையெழுத்து. ஒரே ஒரு தடவ தவிர. அதப் பின்னாடி சொல்றேன்.

பக்கத்து ஊரு செர்காம்லேருந்து ஒரு லோரி டிரைவர் வந்திருந்தாரு, கடவாப் பல்லு புடுங்கணும். ஊசி போட்டாச்சு. நான் போன்ல இன்னொருத்தருக்கு வர்ற நேரத்த மாத்திக் குடுத்துக்கிட்டிருந்தேன். ஷாலினி அவசரத்துல மெசின்லேருந்து கருவிப் பைய எடுத்து டாக்டரம்மாகிட்ட குடுத்துட்டா. நான் போய் மெசினுக்குள்ள பாக்குறேன், பேப்பரு மஞ்சளாவே கெடக்கு. சூடே ஏறல!

ஓடுறேன், டாக்டரம்மா கையில குறடு, டிரைவரு வாயத் தொறந்தாச்சு. பழையவரு காலமா இருந்தா, பேசண்டு முன்னாடி டாக்டர நிறுத்துனவ அன்னிக்கே வீட்டுக்குப் போயிரணும். எப்படியோ, “டாக்டர், வைக்காதீங்க!”ன்னு கத்திட்டேன். அவங்க ஏன்னு கூடக் கேக்கல. குறடக் கீழ வச்சுட்டு, அலமாரியில இருந்த போன வாரம் சுத்தம் பண்ணி வச்ச செட்ட எடுக்கச் சொன்னாங்க. பாதி வாய் மரத்துப்போன டிரைவரு என்னையப் பாத்தாரு: “பல்லு போறது எனக்கு, நீங்க ஏன்க்கா ஆடுறீங்க?”

கேக்காமலே சொன்னது

நான் ஆடுனது அவருக்காக மட்டும் இல்ல. மெசின் எப்ப கெட்டுச்சு? முந்துன நாளு சாயங்காலம், வீட்டுக்குப் போற ஜாசின் பஸ்ஸப் புடிக்கிற அவசரத்துல, பேப்பரப் பாக்காமலே கையெழுத்துப் போட்டேன். அந்தப் பேப்பரு குப்பை லோரியில போயிருச்சு. அந்தத் தடவ மெசின்லேருந்து எடுத்த கருவியிலதான் அன்னிக்குக் காலையில ஒரு டீச்சருக்குப் பல்லு கிளீன் பண்ணியாச்சு. மலாக்கா டவுன்ல தெங்கேராவுல வீடு, இங்க ஸ்கூல்ல படிச்சுக் குடுக்குறாங்க. வாயில ரத்தம் வந்துச்சு. யாரோட நோயாச்சும் ஒட்டியிருந்தா?

நான் வாயத் தொறக்கலன்னா யாருக்கும் தெரியாது. டிரைவரு போனதும் சொல்லிட்டேன்.

டாக்டரம்மா எந்திரிச்சு சுவத்துக்குப் போனாங்க. என் பேர அடிக்கப் போறாங்கன்னு நெனச்சேன். பேனாவ எடுத்து எனக்கு மேல அவங்க பேர எழுதுனாங்க. டீச்சருக்கு அவங்களே போன் பண்ணி, நடந்தத மறைக்காம சொல்லி, ரத்தம் சோதிச்சுப் பாக்கச் சொன்னாங்க. மெசின் சரியாகுற வரைக்கும் கிளினிக்க மூடிட்டாங்க.

ஒரு தடவ பாத்தாப் பத்தாதாம், சில மாசம் கழிச்சு மறுபடியும் பாக்கணுமாம். அந்த மாசமெல்லாம் கிளினிக்கில போன் அடிச்சா மொதல்ல நான்தான் ஓடிப் போய் எடுப்பேன். கடைசி ரிசல்ட்டும் சுத்தம்னு வந்தப்ப, டாக்டரம்மா ஸ்டோர் ரூமுக்குள்ள போய் அழுதத நான் பாத்தேன்.

அப்புறம் ஒரு நாளு டீச்சரே வந்தாங்க. நாற்காலியில படுத்தாங்க, ஆனா வாயத் தொறக்கல. என் பக்கம் கைய நீட்டுனாங்க: “நீங்க மறைக்கலங்குறதாலதான் வந்தேன், ஆனா அந்தப் பேப்பர மொதல்ல எனக்குக் காட்டுங்க.”

இப்ப அந்தக் கிளினிக்கில எல்லாருக்கும் எல்லாத்துக்கும் பயம், அதனாலதான் நானே என் பல்ல அங்க காட்டிக்கிறேன். ஏ மாலா, தூறுது பாரு, வெளிய காயுற அப்பளத்த உள்ள எடுத்துட்டு வா!