தைரியராஜின் வலது கால்

முப்பது வருஷம் ஸ்ரீரங்கம் பஸ்ஸில் பிரேக் மிதித்த தன் வலது காலைப் பற்றி தைரியராஜுக்குப் பெருமை அதிகம். ஓய்வு பெற்ற பிறகு அந்தக் காலுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழக்கிழமை மாதா கோயிலில் பங்குச்சாமி பன்னிரண்டு பேரின் பாதத்தைக் கழுவி முத்தமிடுவாரே, அதில் ஒரு பாதமாக இருக்க வேண்டும். பாலக்கரையில் அவருக்குப் பின்னால் வந்தவர்களெல்லாம் கழுவிக்கொண்டு போய்விட்டார்கள். இந்த வருஷம்தான் பட்டியலில் அவர் பெயர் வந்தது.

பெயர் வந்த நாளிலிருந்து தவக்காலத்தை வெகு கறாராக அனுசரித்தார். கறி வாசனையே கூடாது. பதிலுக்கு நெத்திலி வறுவல், மத்திக் குழம்பு, கருவாடு.

"கறியைக் குறைக்கச் சொன்னாங்கல்ல டாக்டரம்மா? நான் அடியோட விட்டுட்டேன். உடம்புக்கும் ஆச்சு, ஆத்துமாவுக்கும் ஆச்சு" என்றார், மனைவி லூர்துராணியிடம் இன்னொரு கரண்டி நெத்திலிக்குத் தட்டை நீட்டி.

பெரிய வியாழனுக்கு முந்தின நாள், புதன்கிழமை விடிந்தபோது வலது கால் கட்டைவிரல் தக்காளிப்பழமாக இருந்தது. போர்வை நுனி பட்டாலும் அலறினார்.

டாக்டர் ஜஹானாரா ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்தார். "ரத்தத்துல யூரிக் அமிலம் ஏறிப்போச்சுங்கய்யா. அது மூட்டுல ஊசி ஊசியா படியுது. உங்க வெள்ளை அணுக்கள் அதை எதிரின்னு நினைச்சு அடிக்குது. அதான் வீக்கம்."

"என் படையே என்னை அடிக்குதா?"

"வீட்டுல நீங்க பண்றதைத்தானே அதுங்களும் பண்ணுது" என்றாள் லூர்துராணி மெதுவாக.

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "மீனு தூண்டி விட்டிருக்கு. ஆனா அது மட்டும் இல்ல. சில குடும்பத்துல சிறுநீரகம் இந்த அமிலத்தை ஒழுங்கா வெளிய தள்ளாது. பிறப்புலயே வர்றது. உங்க அப்பாவுக்கு இருந்துச்சா?"

"எங்க வம்சத்துல சீக்கே கிடையாதுங்க. அப்பா நொண்டுவாரு, அது மணப்பாறைச் சந்தையில மாடு மிதிச்சது."

லூர்துராணி அங்கேயே மணப்பாறைக்குப் போன் போட்டாள். நாத்தனார் ரோசம்மாளின் குரல் ஸ்பீக்கரில் கணீரென்று வந்தது.

"எந்த மாடும்மா? அப்பாவுக்குக் கிடாவிருந்து சாப்பிட்ட மறுநாளெல்லாம் கால் வீங்கும். ஒவ்வொரு விருந்துக்குமா மாடு தேடி வந்து மிதிக்கும்? எனக்கும்தான் வீங்குது. தம்பிகிட்ட சொல்லிடாத, வம்சத்துக்கு அசிங்கம்பான்."

தைரியராஜ் கூரையைப் பார்த்தார்.

மாத்திரை வந்தது. ஆனால் வீக்கம் ஒரே நாளில் எங்கே வடியும்? வியாழன் மாலை அவர் அழாத குறை. "தண்ணி ஊத்துவாரு, துண்டால துடைப்பாரு, முத்தம் வேற குடுப்பாரு. நான் செத்தேன் லூர்து. வேற ஆளைப் போடச் சொல்லிடவா?"

"இடது காலை நீட்டுங்க."

"வழக்கம் வலதுதானே!"

"ஆண்டவர் என்ன சீடருங்களுக்கு வலதை மட்டும் பார்த்தா கழுவுனாரு?"

கோயிலில் முதல் நாற்காலி அவருக்கு. ஆட்டுக்கால் தூக்குவது போல இடது காலைத் தூக்கி நீட்டினார். பக்கத்தில் ஜோஸ் வாத்தியார் தயாராக வலது காலிலிருந்து செருப்பைக் கழற்றியிருந்தார். தைரியராஜைப் பார்த்தார். முறை மாறிவிட்டது போலும் என்று அவசரமாக அதை மாட்டிக்கொண்டு இடதைக் கழற்றினார். அவரைப் பார்த்து அடுத்தவர். கடைசி நாற்காலி வரை செருப்புச் சத்தம் போயிற்று.

குடத்தோடு வந்த சாமி பன்னிரண்டு இடது கால்களையும் ஒருமுறை பார்த்தார். அப்படியே மண்டியிட்டார்.

பெண்கள் பக்கத்திலிருந்து லூர்துராணி கண் எடுக்கவில்லை. தண்ணீர் விழுந்தது, சாமி குனிந்து முத்தமிட்டார். தைரியராஜின் முகம் குழந்தை முகமாகிவிட்டது. அந்தப் பூரிப்பில் எல்லாவற்றையும் மறந்து, சாமியை வணங்க எழுந்தார். வலது காலை ஊன்றி.

"சேசுவே!"

கோயிலே அதிர்ந்தது. பாடகர் குழு அதையே சைகையாக எடுத்துக்கொண்டு பாட்டைத் தொடங்கிவிட்டது. முன்வரிசையில் இரண்டு பெண்கள் அவருடைய பக்தியைக் கண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

லூர்துராணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, ஆட்டோ பிடிக்க வெளியே நடந்தாள்.