முப்பத்தேழு பேரை நீக்கியது யார்

எண்பதுகளில் சங்கரன்கோவில் பக்கம் ஒரு நூல் மில்லில் வருகைப் பதிவு எழுத்தராக இருந்தேன். யார் எந்த ஷிப்டுக்கு வந்தார்கள் என்று படிவத்தில் எழுதி, ஒவ்வொரு மாதம் பிறந்ததும் ஒரு கட்டு மதுரைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே ஓர் அறை முழுக்க அடைத்துக்கொண்டு ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. நான் எழுதியதைப் பார்த்து அட்டைகளில் துளை போட்டு அதற்குக் கொடுப்பார்கள். அது நீளத் தாளில் பட்டியல் அடித்துத் தரும். எங்கள் மேனேஜர் அதைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனாலும் அதைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

ஒரு ஏப்ரலில் வந்த பட்டியலில் பதிலிகளில் ஒருவர் பெயரும் இல்லை. முப்பத்தேழு பேர். பதிலி என்றால், நிரந்தர ஆள் வராத நாளில் அந்த இடத்தில் வேலை செய்பவர். தினமும் காலையில் கேட்டில் வந்து காத்துக் கிடப்பார்கள். பட்டியலில் பெயர் இருந்தால்தான் வாட்ச்மேன் உள்ளே விடுவார். அன்று விடவில்லை.

திருவேங்கடத்துக்கு அந்தப் பக்கத்துக் கரிசல் கிராமத்திலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறவள் ஒருத்தி என் ஜன்னலுக்கு வந்தாள். அந்த வருஷம் மழை இல்லை. காட்டில் வேலையும் இல்லை. மில்லை விட்டால் அவளுக்கு வேறு போக்கிடம் கிடையாது.

"யக்கா, என் பேரை யாரு அடிச்சா?"

"மிசினு."

"அதுக்கு என்னையத் தெரியுமா? நான் ஒரு நாளு மட்டம் போட்டிருக்கேனா?"

மேனேஜரிடம் போனேன். அவர் பட்டியலை மடித்து வைத்தார்.

"பழைய பதிலிப் பட்டியலத் துடைக்கிறதுக்குன்னு கம்ப்யூட்டர்ல ஒரு ஓட்டம் உண்டும்மா. அது ஓடியிருக்கு. அட்டவணையில உள்ளதுதான்."

"அது டிசம்பர்லல்லா ஓடும்? இப்ப யாரு ஓட்டச் சொன்னது?"

"கம்ப்யூட்டர் தப்புப் பண்ணாது. டிசம்பர்ல புதுப் பட்டியல் எடுப்பாவ. அப்ப சேத்துக்கிடலாம்."

"அதுவரைக்கும் அவளுவ என்னத்தத் திம்பாளுவ?"

"அது நம்ம கேள்வி இல்ல."

"உங்க கேள்வியா இருக்காது சார். நான் கேட்டுத்தான் ஆகணும்."

மறுநாள் லீவு போட்டுவிட்டு மதுரைக்குப் பஸ் ஏறினேன். அனுமதி கேட்கவில்லை. கேட்டால் கிடைக்காது.

கம்ப்யூட்டர் அறை வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். "உள்ள என்ன சாமி?" என்று கேட்டேன். யாரும் சிரிக்கவில்லை. உள்ளே நல்ல குளிர். பொறுப்பு அதிகாரி ஒரு நோட்டைப் புரட்டிப் பார்த்தார்.

"எல்லாம் முறைப்படிதான் ஓடியிருக்கும்மா. அட்டவணையில இருக்கிற ஓட்டம்தான்."

"அட்டவணை செவுத்துல தொங்குத தாளு சார். அது எறங்கி வந்து பட்டனை அமுக்காது. இன்னைக்கு ஓடுன்னு யாரு சொன்னா?"

அவருக்குக் கோபம் வந்தது. கோபத்தில்தான் விஷயமும் வந்தது. துடைக்கிற ஓட்டம் எப்போதும் தயாராகக் காத்திருக்கும். ஒரு மில்லிலிருந்து வரும் கட்டின் தலைப்பு அட்டையில் முதல் எண் இரண்டு என்று இருந்தால் கிளம்பிவிடும். வெறுமையாக இருந்தால் கிளம்பாது.

"உங்க கட்டுல ரெண்டு இருக்கு."

"நான் ரெண்டு எழுதல."

"எழுதாம எப்படி வரும்?"

"கட்ட எடுங்க. பாத்திருவோம்."

அட்டையில் துளை போடும் பெண் என் கட்டைத் தேடி எடுத்து வந்தாள். அந்த ஏப்ரலில் படிவம் மாறியிருந்தது. முன்பு வெறுமையாக இருந்த மேல் நடுவில் புதிதாக ஒரு சின்னக் கட்டம், தலைப்பு அட்டையின் முதல் எண்ணுக்காக. அது எதற்கு என்று ஒரு வரி எழுதி அனுப்ப இந்தக் குளிர் அறையில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்தக் கட்டத்துக்குள் என் கையெழுத்து இருந்தது. வால் நீண்ட ஓர் உ.

பிள்ளையார் சுழி. நிதியாண்டின் முதல் நாள், புதுப் படிவக் கட்டின் முதல் தாள். எனக்குப் பெரிய பக்தியெல்லாம் கிடையாது. புதுத் தாளைக் கண்டால் கை தானாகப் போட்டுவிடும்.

அந்தப் பெண் எட்டிப் பார்த்தாள். "எங்களுக்கு யோசிக்கக் கூடாதுன்னு உத்தரவுக்கா. கண்ணுல பட்டதை அப்படியே அடிக்கணும். ரெண்டு மாதிரிதான் தெரிஞ்சுது."

அவள் மேல் எனக்குக் கோபமில்லை. நம் பழைய எண்ணில் உ என்றால் இரண்டுதானே. அதிகாரிக்கு இன்னும் புரியவில்லை. வாயை மூடிக்கொண்டு ஊருக்குத் திரும்பியிருக்கலாம். திரும்பியிருந்தால் அந்த முப்பத்தேழு பேரும் டிசம்பர் வரை கேட்டுக்கு வெளியேதான்.

"அது ரெண்டு இல்ல சார். பிள்ளையார் சுழி. போட்டது நான்."

அவருக்கு உயிர் வந்தது. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். "அப்ப உங்க தப்பு."

"என் தப்புதான். அவங்க தப்பு இல்லல்லா? பேரைத் திருப்பிப் போடுங்க."

"துடைச்சதைத் திருப்ப முடியாதும்மா."

துளை போடும் பெண் அட்டைகளைப் பார்த்தபடியே சொன்னாள். "போன மாசப் பட்டியல் டேப்புல இருக்கு சார். ரெண்டு மாசம் வச்சிருப்போம்."

அதிகாரி அவளை முறைத்தார். அவள் நிமிரவே இல்லை.

கடிதம் இல்லாமல் முடியாது என்றார். எழுதுகிறேன் என்றேன். மேனேஜர் கையெழுத்து வேண்டும் என்றார். "தப்பு மேனேஜரோடதா? என்னோடதுக்கு என் கையெழுத்து போதும்" என்று அங்கேயே ஒரு தாள் வாங்கி நாலு வரி எழுதினேன். படிவத்தில் புதிதாக வந்த கட்டம் எதற்கென்று எங்களுக்குச் சொல்லப்படவில்லை என்பதையும் அதில் சேர்த்தேன். அதை எடுத்துவிடச் சொன்னார். எடுக்க மாட்டேன் என்றேன்.

தாளை வாங்கியவர் மேலே பார்த்தார். "மறுபடியும் சுழியா?"

"கடுதாசிக்குப் போட்டது சார். மிசினுக்குக் குடுத்திராதீங்க."

மூன்று நாள் கழித்துப் புதுப் பட்டியல் வந்தது. முப்பத்தேழு பெயர்களும் இருந்தன. கரிசல்காட்டுக்காரி ஜன்னலுக்கு வந்து என்ன நடந்தது என்று கேட்டாள். மறைக்காமல் சொன்னேன்.

"அப்ப என் பேரை அடிச்சது நீதான்."

"ஆமா."

"திரும்பச் சேத்ததும் நீதானா?"

"ஆமாட்டி."

"அப்ப ஒரு டீ வாங்கித் தா. வடையும்."

வாங்கிக் கொடுத்தேன். அனுமதியில்லாமல் தலைமை அலுவலகம் போனதற்கு மேனேஜர் மெமோ கொடுத்தார். வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட்டேன். பதில் கேட்டு இரண்டு முறை நினைவூட்டினார். இன்று வரை எழுதவில்லை.