சத்தம் போடாத மூக்கு

என் தங்கை யுகினோவின் கணவர் நுகாடாவுக்கு ஜப்பானில், எங்கள் கனசாவா நகரத்தில், ஒரு பெரிய கடையில் வேலை. புகாரோடு வருகிறவர்களிடம் நாள் முழுக்கக் குனிந்து மன்னிப்புக் கேட்பதுதான் அந்த வேலை. வீட்டுக்கு வந்த பிறகும் முதுகு நிமிராத ஜென்மம்.

நாலு பேர் நடுவில் மூக்கைச் சிந்துவது எங்கள் ஊரில் அசிங்கம். உறிஞ்சிக்கொண்டால் யாரும் கண்டுகொள்வதில்லை. பெரியவர்களின் இந்த நாசூக்கை நாலு வயது மகள் கொதோனேயின் தலையிலும் கட்டினார் இவர். ஒருநாள் ரயிலில் அவள் சத்தமாகச் சிந்திவிட்டாளாம். பெட்டி முழுக்க மன்னிப்புக் கேட்டு, குழந்தையையும் குனிய வைத்தாராம். அன்றிலிருந்து அவள் உறிஞ்சப் பழகினாள்.

பின்னாலேயே காதுவலி வந்தது. காய்ச்சல், சீழ், மருந்து. ஆறும், மறுபடி வரும். "குளிப்பாட்டினா தலையை ஒழுங்காத் துவட்டறதில்ல நீ," என்று பழியை என் தங்கை மேல் போட்டார்.

பிறகு கூப்பிட்டாலும் கொதோனே திரும்பாமல் போனாள். இந்த மனிதருக்கு அதுவும் பெருமை.

"எவ்வளவு அடக்கம் பாத்தீங்களா அக்கா. டிவி முன்னாடி உக்காந்தா அசையறதில்ல."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அது அடக்கம் இல்ல மாப்பிள்ளை. பிள்ளைக்குக் காது கேக்கல," என்று சொல்லி எல்லோரையும் காது டாக்டரிடம் இழுத்துப் போனேன்.

டாக்டரம்மா பார்த்தார். "செவிப்பறைக்குப் பின்னால நீர் கட்டி நிக்குது. இடது காது ரொம்ப மோசம். இவ மூக்கை உறிஞ்சிட்டே இருந்தா இது வடியாது. இப்படியே விட்டா பேச்சும் பிந்தும். ஒரு பக்கத்தைப் பொத்திக்கிட்டு மெதுவாச் சிந்து பாப்பா."

குழந்தை அப்பா முகத்தைப் பார்த்தாள். அவர் திறந்திருந்த கதவுக்கு வெளியே காத்திருந்தவர்களைப் பார்த்தார்.

"இங்கேயா டாக்டர்? ஆளுங்க இருக்காங்களே."

"உங்களுக்குப் பிள்ளையோட காது வேணுமா, ஆளுங்க வேணுமா?"

வேறு வழியில்லாமல் தலையாட்டினார். கொதோனே சிந்தினாள். கெட்டிச் சளி வந்தது. எனக்கு மனசு ஆறியது. ஆனால் அவள் நாற்காலியிலிருந்து இறங்கி, கதவருகே போய், வெளியே இருந்தவர்களைப் பார்த்து முழங்காலில் கைவைத்துக் குனிந்தாள்.

"தொந்தரவு பண்ணிட்டேன், மன்னிச்சிடுங்க."

நுகாடாவின் முகம் பூரித்துப் போனது.

"சமத்துடா என் தங்கம்," என்றார், அவளுடைய இடது பக்கம் நின்று.

அவள் திரும்பவில்லை.