மூடிய குப்பைமேடும் அக்கா வீடும்

ஊர்க் குப்பையைக் கொட்டிக் கொட்டி மலையாகிப்போன மேட்டை ஒருவழியாக மூட முடிவு செய்தபோது, அதன்மேல் கருப்பு ஷீட் விரித்து ஒட்டும் வேலைக்கு வந்தவள் அவள். சைட்டில் எல்லோருக்கும் அவள் 'சூட்டக்கா'. இரண்டு ஷீட்டின் ஓரங்களை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி, நடுவே சூடான மெஷினை ஓட்டிக்கொண்டே போனால் இரண்டும் உருகி ஒன்றாகிவிடும். மழைத்தண்ணீர் உள்ளே இறங்கக் கூடாது, குப்பை அழுகிக் கிளம்பும் வாயு கண்ட இடத்தில் வெளியேறக் கூடாது. அதற்குத்தான் இத்தனை பாடு. வாயு போவதற்கென்று ஷீட்டுக்கு அடியிலிருந்து குழாய்கள் வைத்திருந்தார்கள்.

சரியான பயந்தாங்கொள்ளி. காற்று புகுந்து ஷீட் கொஞ்சம் உப்பினாலே தூரப் போய் நின்றுகொள்வாள். "தான் ஒட்டின ஷீட்டைப் பாத்தே நடுங்குறா பாரு" என்று மேஸ்திரி சிரிப்பார்.

மேட்டை ஒட்டிய முதல் தெருவில்தான் அவளுடைய அக்கா வீடு. மத்தியானம் சாப்பிட அங்கே போவாள். அந்தப் பக்கத்துச் சரிவை மூடி, நல்ல மழையும் பெய்து ஓய்ந்திருந்த ஒரு நாள், அக்கா தலையைப் பிடித்தபடி சமையலறையில் நின்றிருந்தாள்.

"காலையிலேருந்து மண்டை இடிக்குதுடி. ஆனா நீங்க மூடினதுல நாத்தம் சுத்தமா போயிடுச்சு."

தங்கை கை கழுவக் குளியலறைக்குப் போனாள். தரை ஓட்டையில் தேங்கியிருந்த தண்ணீர் கொதிப்பதுபோல் குமிழிவிட்டுக்கொண்டிருந்தது. தொட்டுப் பார்த்தாள். சில்லென்றிருந்தது.

மேலே போக வழியில்லாத வாயு மண்ணுக்குள் நகர்ந்து, நாற்றம்கூட இல்லாமல் வீட்டுக்கே வந்துவிட்டது; ஒரு பொறி பட்டால் போதும், வெடித்துவிடும். அது புரிந்த நொடியில் சமையலறையில் தீப்பெட்டி குலுங்கியது.

"அக்கா, கொளுத்தாதே!"

போட்ட அலறலில் தீப்பெட்டி அக்கா கையிலிருந்து விழுந்தது. "பாவி, உயிரே போச்சு! என்ன, பாம்பா?"

"பாம்பா இருந்தாத் தேவலையே! வீடு பூரா வாயு. எதையும் தொடாம வெளியே ஓடு. சுவிட்ச் பக்கமே போகாதே."

"உள்ளே மாமா தூங்குறாரே!"

அக்கா புருஷனுக்கு இரவுக்காவல் வேலை. பகலெல்லாம் ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூங்குவார். அக்காவை வாசலுக்குத் தள்ளிவிட்டாள். கூடவே ஓடிவிடத்தான் அவளுக்கும் கால் துடித்தது. ஆனாலும் இருட்டறைக்குள் போய் அவரை உலுக்கினாள். கண்ணைத் திறக்காமலே அவர் கை விளக்கு சுவிட்சைத் தேடிப் போனது. மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம் மாமா! பேசாம எழுந்து வாங்க."

"என்னம்மா, உங்கக்கா மறுபடி சண்டை போட்டாளா?"

அவரை இழுத்துக்கொண்டு ஹாலைத் தாண்டும்போது ஃப்ரிட்ஜ் 'டக்' என்று ஓட ஆரம்பித்தது. தொலைந்தோம் என்று அப்படியே உறைந்து நின்றாள். ஒன்றும் நடக்கவில்லை. தெருவுக்கு வந்த பிறகுதான் மூச்சு திரும்பியது.

அவள் போன் போட்டதும் இன்ஜினியர் ஓடிவந்தார். கையிலிருந்த வாயு அளக்கும் மீட்டர் வாசற்படியிலேயே கத்தியது. அவர் முகம் வெளிறிவிட்டது. "மொதல்ல தெருவைக் காலி பண்ணுவோம்" என்றார்.

மழைத்தண்ணீர் இறங்கி அந்தச் சரிவின் குழாயை அடைத்திருந்தது. அதைச் சரிசெய்யும்வரை ஷீட்டைக் கிழித்து வாயுவை மேலே விட வேண்டும். "யாரு அறுக்கிறது?" என்று மேஸ்திரி கேட்டார். இந்த முறை அவர் சிரிக்கவில்லை.

"நான் அறுக்கிறேன்" என்றாள். குரல் அவளுடையதாகவே இல்லை. இடுப்பில் கயிறு கட்டி, முகமூடி மாட்டி, சரிவில் ஏறினாள். கத்தியை இறக்கியதும் வெதுவெதுப்பான காற்று முகத்தில் மோதியது. பதறிப் பின்னால் சாய்ந்து சறுக்கினாள்; கயிறு பிடித்துக்கொண்டது. மறுபடி ஏறி, நீளமாகக் கிழித்துவிட்டுத்தான் இறங்கினாள். இறங்கி உட்கார்ந்து, சின்னப்பிள்ளை மாதிரி அழுதாள். மேஸ்திரி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

மேட்டுக்கும் தெருவுக்கும் நடுவே ஆழமாகப் பள்ளம் வெட்டி, வாயு வெளியேறக் குழாய் போட்டார்கள். வீட்டுக்கு வீடு மீட்டர் மாட்டினார்கள். அதுவரை அக்காவும் மாமாவும் அவளுடைய ஒற்றை அறையில்தான் இருந்தார்கள்.

பயம் அவளை விட்டுப் போகவில்லை. இப்போது வேறொரு மேட்டில் வேலை. மழை பெய்தால் போதும், குழாயில் தண்ணீர் நிற்கிறதா பாருங்கள் என்று இன்ஜினியரை நச்சரிப்பாள். அவரும் முணுமுணுக்காமல் பார்த்துவிட்டு வருவார்.