சுடா இல்லாத வாக்கியங்கள்

தாய்லாந்து மொழி, இந்தோனேசிய மொழி, இரண்டில் கற்றுக்கொள்ள எது சுலபம் என்று யாராவது கேட்டால் நான் ஒரு நொடிகூட யோசிக்க மாட்டேன். இந்தோனேசிய மொழிதான். என் தம்பிக்கும் அப்படித்தான் யோசிக்காமல் சொன்னேன்.

நான் சிதம்பரத்தில் ஒரு பள்ளியில் தமிழாசிரியை. வீடு அண்ணாமலை நகரில். அம்மாவும் தம்பியும் கடலூர் முதுநகரில் இருந்தார்கள். தம்பிக்கு இறால் குஞ்சு பொரிக்கும் ஹேச்சரியில் வேலை. ஒரே மாதத்தில் அவனுக்கு வெளிநாட்டிலிருந்து இரண்டு அழைப்புகள் வந்தன. ஒன்று தாய்லாந்து, இன்னொன்று இந்தோனேசியா. இரண்டிலும் அதே இறால் வேலைதான். இறால் குட்டையில் வேலை செய்பவர்களுக்கு அவர்கள் மொழியைத் தவிர வேறு தெரியாது என்பதால், எங்கே போனாலும் அந்த ஊர்ப் பேச்சைக் கற்றுக்கொண்டுதான் போக வேண்டும்.

அவனுக்கு ஆசை தாய்லாந்தின் மேல். கூட வேலை பார்த்த இரண்டு பேர் ஏற்கெனவே அங்கே இருந்தார்கள்.

"தாய் மொழி கத்துக்கப் போறேன்க்கா" என்று போனில் சொன்னான்.

"முப்பது வயசுலயா? ஸ்கூல்லயே ஒழுங்கா கத்துக்கிட்டிருக்கலாம்" என்றேன். ஒரு வாரம் இதையே சொல்லிச் சொல்லி அவனைக் கடுப்பேற்றினேன்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துக் கடலூர் போய், பரீட்சை வைக்கும் தோரணையில் அவன் எதிரே உட்கார்ந்தேன். தாய்லாந்துக்காரர்களின் பேச்சில் ஐந்து விதமான ஏற்ற இறக்கம் உண்டு. 'மா' என்பதைச் சமமாகச் சொன்னால் 'வா'. கீழிருந்து இழுத்து ஏற்றினால் நாய். எடுத்த எடுப்பிலேயே உயர்த்தினால் குதிரை. தம்பி மொழிப் பாடம் ஓடிக்கொண்டிருந்த போனை வாயருகே வைத்துக்கொண்டு "மா" என்றான்.

சமையலறையிலிருந்து அம்மா, "இன்னாடா?" என்றாள்.

மறுபடியும் "மா" என்றான்.

"இன்னா வேணும், சொல்லித் தொலையேன்டா" என்று அம்மா கரண்டியோடு வந்து நின்றாள்.

"உன்ன கூப்புடலம்மா, நாயக் கூப்புடறேன்" என்றான். முதுகில் ஒன்று விழுந்தது. மூன்று பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம்.

ஆனால் போனில் இருந்த பாடம் அவனை ஒருமுறைகூடப் பாஸ் போடவில்லை. வாவும் நாயும் குதிரையும் அவன் வாயில் ஒன்றாகவே வந்தன. எழுத்தோ, சொல்லுக்குச் சொல் இடைவெளியே இல்லாமல் வரி முழுக்க ஓடியது. நான் தீர்ப்பு சொல்லிவிட்டேன்.

"ஒனக்கு வராதுடா. மொதலாளிய வாங்கன்னு கூப்புடறதுக்கு நாயேன்னு கூப்ட்டு வெக்கப் போற."

"அங்க நம்ம பசங்க இருக்காங்கக்கா."

"பசங்களோட பேசவா போற?" என்று அடக்கிவிட்டேன். என் சுபாவம் அப்படி.

இந்தோனேசிய மொழியை அவனோடு உட்கார்ந்து நானும் கொஞ்சம் படித்தேன். அதில் ஆங்கில எழுத்துகள்தான். அனேகமாக எழுதியபடியே வாசிக்கலாம். கப்பலுக்கு காப்பால், கடைக்கு கெடாய். குளத்துக்குக் கோலம் என்று பெயர். "கோலத்துல எறா வளக்கறாங்களாம்க்கா" என்று சிரித்தான். அவன், அவள், அவர் எல்லோருக்கும் ஒரே சொல், டியா. எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது, வினைச்சொல்லுக்குக் காலமே கிடையாது என்பது. நேற்றும் இன்றும் நாளையும் சாப்பிடுவது ஒரே மாக்கான். முடிந்துவிட்டது என்று சொல்ல வேண்டுமானால் முன்னால் 'சுடா' என்று ஒரு சொல்லைப் போட்டால் போதும். வருடம் முழுக்க வினைமுற்றைத் திருத்திக்கொண்டிருக்கும் எனக்கு அது சொர்க்கமாகத் தெரிந்தது. தாய்லாந்து மொழியிலும் வினைச்சொல் காலத்துக்கேற்ப மாறாது என்பது பிறகுதான் தெரிந்தது. கேட்கிறவர்களிடம் இப்போது அதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

தம்பி இந்தோனேசியா போனான். நாலே மாதத்தில் சரளமாகப் பேசினான். அவன் தங்கியிருந்த வீட்டுக்கார அம்மாளை 'இபு' என்று கூப்பிட்டான். அம்மா என்று அர்த்தம். எங்கள் அம்மாவுக்குப் போன் செய்து "சுடா மாக்கான்?" என்பான். அம்மாவும் "சுடா, சுடா" என்பாள்.

"சாப்டாச்சான்னு கேக்கற ஊரு நல்ல ஊராத்தான் இருக்கும்" என்று என்னிடம் ஒருநாள் சொன்னாள்.

பத்தாவது மாதம், மழையில், குட்டையிலிருந்து திரும்பும்போது அவன் பைக் சறுக்கி லாரிக்கு அடியில் போய்விட்டது. எட்டு நாள் கழித்துத்தான் உடல் வந்தது. தாய்லாந்திலிருந்த அவன் நண்பர்கள் போனில் அழுதார்கள். "இங்க வந்திருந்தா நாங்களாவது கூட இருந்திருப்போம்க்கா" என்றார்கள். தாய்லாந்திலும் மழை பெய்கிறது, லாரி ஓடுகிறது, எனக்குத் தெரியும். ஆனால் அவனை அங்கே போகவிடாமல் செய்தவள் நான். அம்மா அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்றைக்காவது கேட்பாள் என்று பயந்துகொண்டே இருந்தேன். பள்ளியில் 'இறந்தகாலம்' என்று கரும்பலகையில் எழுதக் கை வரவில்லை. 'சென்ற காலம்' என்று எழுதிச் சமாளித்தேன்.

மூன்று மாதம் கழித்து, கடலூரில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது, அந்த இபுவிடமிருந்து என் போனுக்கு ஒரு செய்தி வந்தது. முதலில் மனதுக்குள் வாசித்தேன். தினமும் சாயங்காலம் வாசல் நாற்காலியில் உட்காருவது, காபி குடிப்பது, அம்மாவைப் பற்றிப் பேசுவது, சிரிப்பது எல்லாம் அதில் இருந்தது. ஓர் இடத்தில்கூட சுடா இல்லை. அந்த மொழியில் என் தம்பி இன்னும் அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தான். தெரிந்து அப்படி எழுதினாரா, அங்கே எழுதுவதே அப்படித்தானா என்று சொல்லுமளவுக்கு எனக்கு அந்த மொழி தெரியாது.

"இன்னா எழுதியிருக்காங்க, சொல்லு" என்றாள் அம்மா.

உட்கார்ந்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. உட்கார்கிறான் என்றும் சொல்ல முடியாது. "தெனம் சாயங்காலம் வாசல்ல உக்காருவான். காபி குடிப்பான். அம்மாவப் பத்தியே பேசுவான். சிரிப்பான்" என்று தானாக வந்தது. சொல்லி முடித்த பிறகுதான் கவனித்தேன். இதைத்தான் நான் பிள்ளைகளுக்கு எதிர்காலம் என்று நடத்துகிறேன்.

அம்மா, "மா-ன்னா இன்னாடி?" என்று கேட்டாள்.

"அது இந்த பாஷை இல்லம்மா. மொதல்ல படிச்சானே, அது."

"அதத்தான் கேக்கறேன். நாய்ன்னான். வேற இன்னா?"

"வா-ன்னும் அர்த்தம்."

அம்மா சமையலறை வாசலைப் பார்த்தாள்.

"அன்னிக்கி அவன் மா-ன்னான், நான் வந்தேன்ல" என்றாள். "சரியாத்தானடி சொல்லியிருக்கான். அப்பறம் ஏன் அவனுக்கு வராதுன்னு சொன்ன?"