நான்காவது வீட்டுச் சுவர்

சட்டைத் தொழிற்சாலையில் பட்டன் துளைக்குக் காஜா எடுக்கும் வரிசையில் மூன்றாவது மெஷின் அவளுடையது. "உன் வீட்டுக்காரர் அப்படி என்னதான் வரையறார்?" என்று பக்கத்து மெஷின்காரி கேட்டால், "சுவரை" என்பாள்.

"சுவர் மேலயா?"

"இல்லடி, சுவரையே."

அதற்கு மேல் அவளுக்கும் தெரியாது என்பதுதான் உண்மை.

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் ஐந்து வாடகை வீடு. ஐந்திலும் மழை பெய்தால் சுவர் ஊறும். ஊர் உலகத்தில் எல்லோரும் வீட்டு ஓனரோடு சண்டைக்குப் போவார்கள். இந்த மனுஷர் ஊறிய சுவரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்து, வீட்டுக்கு ஒன்றாகப் பெரிய கேன்வாஸில் வரைந்து வைத்தார். ஒன்றும் விலை போகவில்லை. குடும்பம் அவள் சம்பளத்தில் ஓடியது. அதை ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை என்று அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு பல் டாக்டர் அருவிப் படம் கேட்டார். புது கேன்வாஸ் வாங்க வழியில்லை. பீரோவுக்குப் பின்னால் அடுக்கியிருந்ததில் அவள்தான் ஒன்றை உருவினாள்.

"இது ஊறல் பட்டு வீணாப் போச்சுங்க. இது மேலயே வரைஞ்சிடுங்க."

அவர் அதையே வெகுநேரம் பார்த்தார். பிறகு வெள்ளை பூசினார்.

போன மாதம் அவள் அண்ணன் வந்தான். "மாப்பிள்ளை, பெயிண்ட் கடையில கலர் கலக்க ஆள் தேடுறாங்க. நீங்களும் கலர் ஆளுதானே!" மாதக் கடைசிக்குள் படம் எதுவும் போகாவிட்டால் சேர்ந்துவிடுவதாக அவர் வாக்குக் கொடுத்தார். இனி தூரிகையைத் தொடப்போவதில்லை என்றும் சொன்னார்.

கடைசி வாரத்தில் கண்காட்சி நடத்தும் அம்மாள் ஒருவர் தேடி வந்தார். ஐந்து சுவர்களையும் எங்கோ புகைப்படத்தில் பார்த்திருக்கிறார்.

"அஞ்சும் சேர்ந்தாத்தான் அது ஒரு படம். நாலாவது எங்கே?"

"நானே அழிச்சுட்டேன்" என்றார் அவர்.

தண்ணீர்ச் செம்போடு நின்றவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அன்று அவள் பார்த்தது கேன்வாஸில் பட்ட ஊறல் இல்லை, அவர் வரைந்த ஊறல்.

மறுநாள் லீவு போட்டுக் கிளினிக்குக்கு ஓடினாள். கன்னத்தைப் பிடித்தபடி நாலு பேர் அருவிக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் நல்லவர், காரணம்கூடக் கேட்காமல் கழற்றிக் கொடுத்தார். மூன்று நாள் இருவரும் பிளேடும் பஞ்சுமாகச் சுரண்டினார்கள். அருவியோடு சேர்ந்து சுவரும் உரிந்து வந்தது. கடைசியில் வெறும் துணிதான் மிஞ்சியது.

"திரும்ப வரைஞ்சா என்ன?"

"அந்த வீட்டையே இடிச்சுட்டாங்களே. சின்ன போட்டோவைப் பார்த்தா ஊறலை வரையறது?"

அம்மாள் போனில் வருத்தம் சொல்லிவிட்டு வேறொருவர் படங்களை எடுத்துக்கொண்டார்.

அவளுக்குப் பொறுக்கவில்லை. "நான்தான் படிக்காத முட்டாள். நீங்க அன்னிக்கே சொல்லியிருக்கலாமே! ஒரு வார்த்தை, வேண்டாம்னு!"

அவர் கையிலிருந்த பிளேடைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே சொன்னார்: "உன் சம்பளத்துல சாப்பிடுறவன், என் படத்துல கை வைக்காதேன்னு எந்த வாயால சொல்றது?"

பன்னிரண்டு வருஷம் அவள் சொல்லாமல் காத்த வார்த்தை அது. அவர் அதைத் தினமும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

திங்கட்கிழமை அவர் பெயிண்ட் கடைக்குக் கிளம்பினார். "போகாதீங்க" என்று அவள் கையைப் பிடித்தாள். முதல் நாளே தாமதமாகப் போனால் நன்றாயிருக்காது என்று சொல்லி, அவர் மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டார்.