பூச்சுக்கு உள்ளே

அந்தக் குடியிருப்பில் எல்லோருக்கும் அவள் தையலக்கா. மூன்றாம் மாடியில் வீடு. ரவிக்கை தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் மூச்சிரைக்க ஏறி வந்து, முதலில் தண்ணீர்தான் கேட்பார்கள்.

இரண்டாம் மாடிப் படித்திருப்பத்தில், தலைக்கு மேலே காங்கிரீட் உப்பி, கோடு கோடாக வெடித்திருந்தது. அவளுடைய நச்சரிப்பு தாங்காமல் ஒரு எஞ்சினியரை அழைத்து வந்தார்கள். அவர் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கடல் காத்துல உப்பு, போதாததுக்கு இந்த வெயில். உள்ள கம்பி துருப்பிடிச்சு ஊதுது. ஊதற கம்பி காங்கிரீட்டைப் பிளந்து தள்ளும். பிரிச்சு கம்பியைச் சரி பண்ணணும். மேல பூசி மூடிடாதீங்க."

எல்லோரும் தலையாட்டினார்கள். மறுவாரமே பூசி மூடினார்கள்.

குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் வேறு யாருமில்லை, அவளுடைய கொழுந்தன்தான். "பூசியாச்சு, பெயிண்ட்டும் அடிச்சாச்சு. இன்னும் என்ன குறை அண்ணி?"

"குறை உள்ளதானே இருக்கு தம்பி."

"எஞ்சினியருங்க அப்படித்தான் பயமுறுத்துவாங்க."

சுவரோடு பேசியிருக்கலாம். சுவராவது விரிசல் விட்டுப் பதில் சொல்லும்.

அடுத்த கோடையில் பூச்சு பாளமாகப் பெயர்ந்து விழுந்தது. கொழுந்தன் மனைவி கையிலிருந்த வாளி நசுங்கியது. அவள் தலை தப்பியது. "பெரிய கண்டம் கழிஞ்சுது" என்று ஆளாளுக்குச் சொல்லி மாளவில்லை. மறுநாள் காலையில், மறுபடியும் பூசி மூட, சிமெண்ட் மூட்டையோடு கொத்தனார் வந்து நின்றார்.

தையலக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொத்தனாரைத் திருப்பி அனுப்பினாள். ஸ்டூலைப் போட்டு, சுத்தியலோடு ஏறினாள். அதிகம் பேசாத அவள் கணவர் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு, "அடி. என் தலையை மட்டும் பார்த்துக்க" என்றார்.

அடிக்க அடிக்கப் பழைய பூச்சு தட்டுத் தட்டாகக் கழன்றது. விரல் தடிமன் இருக்க வேண்டிய கம்பிகள் பென்சிலாக இளைத்திருந்தன. தொட்டால் துரு ஏடு ஏடாக உதிர்ந்தது. சத்தம் கேட்டுச் சண்டைக்கு வந்தவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்கள்.

எஞ்சினியர் மறுபடி வந்தார். வந்ததும் முதல் வேலையாகப் படிக்கட்டு நெடுக இரும்புக் குழாய்களால் முட்டுக் கொடுக்கச் சொன்னார். எல்லோரும் பக்கவாட்டில் நுழைந்து நுழைந்து ஏற வேண்டியதாயிற்று. முழங்கை இடித்தவர்கள் எல்லாம் அவளைத் திட்டினார்கள். துணி கொண்டு வருகிறவர்களும் குறைந்துபோனார்கள்.

ஒருவழியாகத் துருவைச் சுரண்டி, புதுக் கம்பி கட்டி, வேலை முடிந்தது. சங்கக் கூட்டத்தில் கொழுந்தன் எழுந்து, "நம்ம முயற்சியாலதான் கட்டடம் பிழைச்சுது" என்றான். கைதட்டினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் கணவர் சொன்னார், "விடு. பேர் யாருக்குப் போனா என்ன?"

"பேரை அவனே வச்சுக்கட்டும். நம்ம வாசல் மேலயும் கோடு விட்டிருக்கு. அதைச் சொன்னா, இப்பதானே சரி பண்ணோம்கிறான்."

அவர் எழுந்து வெளியே போய் அண்ணாந்து பார்த்தார். திரும்பி வந்து ஸ்டூலை எடுத்தார்.